மூன்றாம் மாடி அன்ரியின் ஆட்கள்

அந்தப் படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே போனில் தேடிப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு, "இதிலை அப்பிடி என்ன கிடக்கு?" என்று என்னிடமே திருப்பிக் கேட்பீர்கள். எனக்குக் கோபம் வரும். அவருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஃபிளட்டில், அவருக்கென்று ஒரு பெயர் இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. மூன்றாம் மாடி அன்ரி, அவ்வளவுதான். தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு படியேறுவார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அன்ரி வீட்டுக் கதவு திறந்து கிடந்தால் உள்ளே படம் ஓடுகிறது என்று அர்த்தம். எப்போதும் அதே படம்தான். கறுப்பு வெள்ளையில் எடுத்த பழைய ஹொலிவூட் படம். முதலில் கசெட்டில் இருந்தது, பிறகு சீடிக்கு வந்தது, பிறகு யாரோ பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்கள். காலம் மாறியதே தவிர படம் மாறவில்லை. ஒரு பெரிய வீடு. அதில் தாய், தகப்பன், வளர்ந்த பிள்ளைகள், கலியாணம் கட்டாத ஒரு அத்தை, காது கேளாத ஒரு பெரியப்பா, மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் ஒரு வயலின்காரர், ஒரு சமையல்காரி. வீட்டை விற்கவேண்டிய நிலைமை. விற்க முதல் எல்லோரும் ஒன்றாய் இருந்து சாப்பிடுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், அழுகிறார்கள். கடைசியில் வீட்டை விற்கவில்லை. கதை இவ்வளவுதான்.

"கதை சப்பை," என்று அன்ரியே சொல்வார். "ஹீரோவோ மரக்கட்டை. தாடையைப் பார். அதை மட்டும் வச்சுக்கொண்டே சம்பளம் வாங்கினவன். ஆனாலும் படம் நிக்குது. ஏன் நிக்குது, சொல்லு பாப்பம்?"

பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்ல மாட்டோம். அதைச் சொல்வது அன்ரியின் உரிமை.

"மிச்ச ஆக்கள் நிக்கினம். அதாலை நிக்குது."

ஹீரோ மாடிப்படியில் நின்று காதலைச் சொல்லும் இடம் வந்தால் ரிமோட்டை எடுத்து அப்படியே நிறுத்திவிடுவார். "அவனைப் பாக்காதை. அவன் எங்கையும் ஓடமாட்டான். பின்னாலை பார், அந்தச் சமையல்காரி. கையிலை சூப் சட்டி. உள்ளை வாறதோ திரும்பிப் போறதோ எண்டு தெரியாமல் நிக்கிறாள். வசனம் ஒண்டும் இல்லை. ஆனா அவளின்ரை சூப் ஆறுறது எனக்கு இஞ்சை இருந்தே தெரியுது!"

நான் அந்தச் சமையல்காரியைப் பார்த்த தடவைகளுக்குக் கணக்கில்லை. ஹீரோயினின் முகம் இப்போது எனக்கு நினைவில் இல்லை. சூப் சட்டி நினைவிருக்கிறது.

படத்துக்கு வெளியிலும் அவர் அப்படித்தான். தேர்த் திருவிழாவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். சனமெல்லாம் சாமியைப் பார்க்க, அன்ரி தேர்ச் சில்லுக்குக் கட்டை போடுகிற மனிதரைப் பார்ப்பார். "உந்த மனுசன் ஒருக்காப் பிழைக்கப் போட்டால் சாமி நேரை கடலுக்கை," என்று என் காதில் சொல்லிச் சிரிப்பார். யாராவது கலியாண அல்பம் கொண்டுவந்து நீட்டினால் மாப்பிள்ளை பொம்பிளையைப் பட்டென்று தாண்டிவிடுவார். மூலையில் யார் கோபித்துக்கொண்டு நிற்கிறார்கள், யார் யாருடைய பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் தேடுவார். "உவை ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை என்ன?" என்று சரியாகக் கேட்டு அல்பத்தின் சொந்தக்காரியைத் திடுக்கிட வைப்பார்.

ஃபிளட்டில் இருந்த எங்கள் எல்லோருக்கும் அந்தப் படத்தில் ஒரு பாத்திரம் கொடுத்திருந்தார். என் அம்மா, தாய். நான் இரண்டாவது மகள், அவள் வாய்க்காரி. முதலாம் மாடியில் இருந்த கண்ணாடிக்கடை அங்கிள் அந்தக் காது கேளாத பெரியப்பா. "அங்கிளுக்குக் காது நல்லாத்தானே கேக்குது?" என்று நான் கேட்டேன். "கேக்கும் பிள்ளை, ஆனா அவர் கேக்கிறேல்லை. தான் கதைக்கிற முறை எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறார்," என்றார். அன்றைக்குப் பிறகு அங்கிளோடு கதைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். மனிதர் உண்மையாகவே காத்துக்கொண்டுதான் இருப்பார். எங்களுக்கு எதிர்வீட்டு முஸ்லிம் அக்கா, அவர்கள் முறைப்படி பரீதா தாத்தா, வயலின்காரர். சத்தம் வரும், தொந்தரவு வராது என்பது அன்ரியின் விளக்கம்.

"அப்ப நீங்கள் ஆர் அன்ரி?"

"நான் டிக்கற் வாங்கினவள்," என்பார்.

ஒரு பெரிய ஹோட்டலில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "ஆர் ஆரோடை கதைக்கோணுமோ அவையைக் கோத்துவிடுறது என்ரை வேலை. கோத்தவுடனை நான் விலகீடோணும்," என்று அந்த உத்தியோகத்தைப் பற்றிச் சொல்வார். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று ஒரு நாள் துணிந்து கேட்டேன். "ஒருத்தர் கேட்டவர்தான். நல்ல மனுசன். ஆனா விடிஞ்சால் பொழுதுபட்டால் தன்னைப் பற்றியே கதைச்சார்," என்றவர், கையால் தன் தாடையைத் தடவிக் காட்டினார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் அவுஸ்திரேலியாவில் இருந்து அங்கேயே காலமானார். அதற்குப் பிறகு அவருக்குச் சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை. அதைச் சொல்லி அவர் வருத்தப்பட்டு நான் கண்டதில்லை. மற்றவர்களுடைய சொந்தக்காரரைப் பார்த்தே அவருக்கு நேரம் போய்விடும். இப்போது அன்ரியும் இல்லை. அந்தக் கதவு திறந்து கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் போய் சில வருடங்களாகிவிட்டன.

அவரை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்றால் என்னைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். அண்ணன் கனடாவில், பேப்பர்கள் சரிவராததால் நாட்டுக்கு வர முடியாது. மாமாமார், சித்திமார் எல்லோரும் லண்டன், சிட்னி என்று வட்ஸ்அப்பில் ஆளுக்கொரு வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறந்தநாளுக்குக் கேக் படம் அனுப்புவார்கள். படத்தைத் தின்ன முடியுமா?

அப்போதுதான் கிருலப்பனையில் ஒரு சம்பந்தம் வந்தது. தரகர் வந்து அம்மாவிடம் சொன்னார்: "நல்ல இடம் தங்கச்சி. சீதனம் எண்டு வாயே திறக்கேல்லை. ஆனா பெடியன்ரை தாய் ஒண்டு கறாராச் சொல்லிப்போட்டா. பெட்டைக்கு ஆக்கள் இருக்கோணும். தனிச்ச வீட்டிலை எடுக்கமாட்டாவாம்."

அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இதற்கு முதல் இரண்டு சம்பந்தங்கள் இந்தத் தனிமையைச் சொல்லித்தான் தட்டுப்பட்டுப் போயிருந்தன. "உன்னைத் தனிச்சு வளத்துப்போட்டன்," என்று அம்மா அழ, எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஏன் பொய், அழுகையும் வந்தது. எனக்கு அந்தச் சம்பந்தம் பிடித்திருந்தது. போட்டோவில் அவர் கொஞ்சம் முழிசிக்கொண்டு நின்ற விதம் பிடித்திருந்தது.

விஷயம் மூன்றாம் மாடிக்கு ஏறியது. அன்ரி இறங்கி வந்தார்.

"சனம்தானே கேட்டவை? நான் தாறன்."

"பொய் சொல்லியோ கலியாணம் செய்யிறது?" என்று அம்மா பதறினார்.

"எது பொய்? காஸ் முடிஞ்சால் உனக்குச் சிலிண்டர் தூக்கிக்கொண்டு வாறது ஆர்? முதலாம் மாடிக்காரர். உன்ரை லண்டன் தம்பியோ தூக்கிறார்? சிலிண்டர் தூக்கிறவரைத் தம்பி எண்டு சொன்னால் என்ன குறைஞ்சு போச்சு?"

அம்மாவுக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு படம் ஓடவில்லை, ஒத்திகை ஓடியது. கண்ணாடிக்கடை அங்கிள் என் தாய்மாமன். அவருடைய மனைவி மாமி. என்னை அலங்கரித்துக் கூட்டி வரும்போது அவர் கண்கலங்க வேண்டும். அவர்களுடைய மகன் ரமணன் பின்னால் நின்று கதிரை எடுத்துப் போடவேண்டும், வாய் திறக்கக் கூடாது. அன்ரி யாருக்கும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. "சும்மா இருங்கோ. ஆனா ஒண்டாயிருங்கோ," என்றார். "ஒராள் கதைக்கேக்கை மற்ற ஆள் அவரைப் பாக்கோணும். அதுதான் குடும்பம் எண்டு காட்டும்."

பரீதா தாத்தாவுக்கு ஒன்றுவிட்ட பெரியம்மா பாத்திரம் கொடுக்கலாமோ என்று அன்ரி ஒரு கணம் யோசித்தார். "எனக்குப் பொய் சொல்ல ஏலா புள்ள," என்றார் பரீதா தாத்தா. "நான் எதிர்வீட்டுப் பரீதாவாகவே வாறன். வட்டிலப்பம் கொண்டு வாறன்." அந்தக் கூட்டத்தில் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அங்கிளின் மனைவிக்கு எவ்வளவு முயன்றும் கண்ணீர் வரவில்லை. என்னைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது என்றார். அங்கிளோ புதுச் சேர்ட் வாங்கி, முடிக்கு மையடித்து, தயாராகிவிட்டார்.

அந்த நாளும் வந்தது. மாப்பிள்ளையின் தாய், தகப்பன், பெரியம்மா, மாப்பிள்ளை என்று நாலு பேர். தாய் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தகப்பன் வாயே திறக்கவில்லை. பெரியம்மா திறந்த வாயை மூடவில்லை. எங்கள் சின்ன ஹோலுக்குள் நாலு மாடிக் கதிரைகளும் கலந்து கிடந்தன. அன்ரி மட்டும் குசினி வாசலில், தேத்தண்ணித் தட்டோடு நின்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அங்கிள்தான் கொஞ்சம் கூடிப்போனார். "சின்னனிலை நான் கிணத்துக்கை விழுந்திட்டன். அக்காதான் குதிச்சு என்னைத் தூக்கினவ," என்று ஒத்திகையில் இல்லாத ஒரு கிணற்றை வெட்டினார். நீந்தத் தெரியாத அம்மா தலையை ஆட்டினார். மாப்பிள்ளையின் தாய் அம்மாவை மரியாதையோடு பார்த்தார். சரி, தப்பிவிட்டோம் என்று நான் நினைத்த நேரத்தில்தான் பெரியம்மாவின் கண் எல்லோரையும் தாண்டிப் பின்னுக்குப் போனது.

"அங்கை கதிரையோடை நிக்கிற தம்பி ஆர்?"

"என்ரை மகன்," என்றார் அங்கிள் பெருமையாக. அன்றைக்கு அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"கலியாணம் முடிச்சிட்டாரோ?"

"இன்னும் இல்லை."

"உத்தியோகம்?"

"பாங்கிலை. நிரந்தரம்."

பெரியம்மா ரமணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப, பெட்டைக்குச் சொந்தத் தாய்மாமன் நீங்கள். உங்கடை மகன் இவர். முறை மச்சான். ஒரே ஃபிளட்டிலை, உத்தியோகத்தோடை நிக்கிறார். இவர் இருக்கத்தக்கதாய் பிள்ளையை ஏன் வெளியிலை குடுக்கிறியள்?"

ஐயோ கடவுளே. எங்கள் சனத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டே இரண்டு பதில்தான் இருக்கிறது. பெடியனில் குறை, இல்லாவிட்டால் பெட்டையில் குறை. அன்ரி விட்ட பிழை அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அந்த ஹொலிவூட் வீட்டில் மாமா, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் ஒன்றுதான். எவருடைய மகனும் எவருக்கும் மச்சான் ஆகமாட்டான். இத்தனை வருடமாக அந்த வீட்டுக்குள்ளேயே குடியிருந்த அன்ரிக்கு முறை மறந்துபோய்விட்டது. அங்கிளை அப்பாவின் அண்ணன் என்று வைத்திருந்தால் ரமணன் எனக்கு அண்ணன், கேள்வியே வந்திராது. குசினி வாசலைப் பார்த்தேன். அன்ரி தட்டைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார்.

என்னைக் காப்பாற்றவென்று, வாய் திறக்கக் கூடாத ரமணன் வாய் திறந்தான்.

"எனக்கு வேறை ஆள் இருக்கு."

நல்ல சமாளிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அவனுடைய காது சிவந்ததைக் கண்ட பிறகுதான் இது சமாளிப்பு இல்லை என்று தெரிந்தது.

"என்னடா?" என்றார் அங்கிள்.

"கொட்டாஞ்சேனையிலை, கிறிஸ்தவப் பிள்ளை. அப்பாட்டைச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்."

"ஆரடா அவள்? எப்பவிலை இருந்து?" அங்கிள் எழும்பிவிட்டார். கிணறு, அக்கா, தாய்மாமன் எல்லாம் போய்விட்டது. ஒத்திகையில் வராத கண்ணீர் இப்போது அவருடைய மனைவிக்குப் பொலபொலவென்று வந்தது. அங்கிள் அம்மாவைக் காட்டிக் கத்தினார்: "இவையள் எங்களுக்குச் சொந்தமில்லை எண்டாலும் பரவாயில்லை, இந்தப் பிள்ளையை உனக்குக் கேட்டுப் பாப்பம் எண்டு நானும் கொம்மாவும் எத்தினை நாளாய்க் கதைச்சிருப்பம்!"

"சொந்தமில்லையோ?" என்றார் பெரியம்மா.

அம்மா எழும்பிக் கைகூப்பினார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இவர் என்ரை தம்பியில்லை. இவை எல்லாரும் இந்த ஃபிளட்டுச் சனம். எங்களுக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லை. அதுதான் உண்மை." சொல்லிவிட்டு அம்மா கதிரையில் பொத்தென்று இருந்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கலியாணம் போனது போனதுதான் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய் கைப்பையோடு எழும்பினார். "அப்ப எங்களுக்கு நாடகமோ போட்டுக் காட்டினீங்கள்?"

"அவவைப் பேசாதேங்கோ," என்று அன்ரி தட்டோடு முன்னுக்கு வந்தார். "இது என்ரை வேலை. நீங்கள் சனம் கேட்டனீங்கள், நான் சனத்தைக் கொண்டுவந்தனான். முறை வச்சதிலைதான் பிழைவிட்டிட்டன். பேசுறதெண்டால் என்னைப் பேசுங்கோ. இஞ்சை வேண்டாம், குசினிக்கை வாங்கோ. அங்கை நல்லாப் பேசலாம்."

மாப்பிள்ளையின் தாய் உண்மையாகவே ஏசுவதற்கென்று குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன். என் தலைவிதியைப் பற்றிய பேச்சு. நான் கேட்காமல் யார் கேட்பது?

ஆனால் உள்ளே போனதும் அவருடைய கோபம் வேறு மாதிரி வந்தது. "நான் என்னத்துக்குச் சனம் கேட்டனான் எண்டு நினைச்சியள்? பெருமைக்கோ? என்னைக் கட்டிக் குடுக்கேக்கை எனக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்ததுகள் இல்லை. ஆரோ தூரத்துச் சொந்தம் கொண்டுவந்து விட்டிட்டுப் போச்சினம். இவர் நல்ல மனுசன்தான். எண்டாலும் வீடு எண்டால் சண்டை வரும்தானே? சண்டை வந்தால் கோவிச்சுக்கொண்டு போய் நிக்க எனக்கு ஒரு வாசல் இருக்கேல்லை. கோவிக்காமலே இவ்வளவு காலமும் இருந்திட்டன். என்ரை வீட்டுக்கு வாற பிள்ளைக்கு அப்பிடி இருக்கக் கூடாது எண்டுதான் கேட்டனான்."

நான் அவரை அகங்காரம் பிடித்த மனிசி என்று மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! அப்படியே கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது.

அன்ரி அவருடைய தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார். "கதைக்கிற ஆக்களைப் பாக்காதேங்கோ. மிச்ச ஆக்களைப் பாருங்கோ."

ஹோலில் சண்டை உச்சத்தில் இருந்தது. அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளையின் தகப்பன் கண்ணாடிக்கடை அங்கிளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, இருங்கோ, பெடியனைக் கதைக்க விடுங்கோ," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பெரியம்மா ரமணனைத் தன் பக்கத்தில் இருத்தி, பெட்டையின் பெயர் என்ன, தகப்பன் என்ன செய்கிறார், எந்தத் தேவாலயம் என்று விசாரணை நடத்தினார். அம்மா, தன் கண்ணைத் துடைப்பதை விட்டுவிட்டு, அங்கிளின் மனைவியின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பரீதா தாத்தா எல்லோர் கையிலும் வட்டிலப்பத்தைத் திணித்து, "மொதல்ல இதத் தின்னுங்கோ, பொறகு சண்ட புடிங்கோ," என்று சொல்லிக்கொண்டு போனார். மாப்பிள்ளை ரமணன் விட்ட கதிரையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். அந்தக் கூத்துக்குள் என்னைக் கண்டு சிரித்தார். தாடை ஒன்றும் பெரிதாக இல்லை. எனக்கு அப்போதே மனம் பூரித்துப்போய்விட்டது.

"உங்கடை மனுசன் ஆரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார் பாத்தியளோ?" என்றார் அன்ரி. "இந்தப் பிள்ளை கோவிச்சுக்கொண்டு வந்தால் எத்தினை வாசல் எண்டு நீங்களே பாருங்கோ. ஒரு மாடி சரிவராட்டி அடுத்த மாடிக்கு ஏறலாம்."

மாப்பிள்ளையின் தாய் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கைப்பையை எங்கள் அரிசி வாளியின் மேல் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "அந்தக் கோப்பையளைத் தாங்கோ, கழுவுவம். இனி எல்லாருக்கும் திரும்பத் தேத்தண்ணி வேணும்," என்றார்.

பொழுதுபட்ட பிறகுதான் அவர்கள் எழும்பினார்கள். போகும்போது பெரியம்மா படியில் நின்று, "அப்ப எப்ப கலியாண எழுத்து?" என்று சாதாரணமாகக் கேட்டார். கதவை மூடியதும் அன்ரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்தப் பெரியம்மா இருக்கிறாவே, அவவுக்குப் படம் பாக்கத் தெரியும்! கதிரையோடை நிண்டவனைப் பிடிச்சாவே!" கலியாணம் சரிவந்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிய சந்தோஷம்.

கலியாணத்தில் அங்கிளும் மனைவியும்தான் என்னைத் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். யார் கேட்டாலும் பெரியப்பா என்று சொல்லும்படி அன்ரி முறையைத் திருத்திவிட்டார். ரமணனுக்காகக் கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கதைத்தது என் மாமனார். எனக்கும் இவருக்கும் முதல் சண்டை வந்தபோது இவருடைய தாய், என் மாமியே, என் உடுப்புப் பையை அடுக்கி, காலி நகர் போகும் பெருவீதி நெரிசலில் பிள்ளை களைத்துப்போகும் என்று தண்ணிப் போத்தலும் வைத்து, முச்சக்கரவண்டியில் ஏற்றிவிட்டார். "மல்லி, பாத்துக் கொண்டுபோய் விடுங்கோ," என்று, தம்பியைச் சிங்களத்தில் மல்லியாக்கி, டிரைவருக்கு. "ரெண்டு நாளைக்கு அசையாதை. அவன் வந்து கூப்பிடட்டும்," என்று எனக்கு. என்ன மாதிரி ஒரு மாமி!

பிறகு ஒருநாள் காலமை, நான் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருக்க, மாமனார் வந்து வாசலில் நின்றார். சேர்ட்டுப் பொத்தானை மாறிப் பூட்டியிருந்தார்.

"மாமியைக் காணேல்லைப் பிள்ளை."

தேங்காய்ச் சம்பலில் உப்புக் கூடிவிட்டதென்று ஏதோ சொல்லியிருக்கிறார். மாமி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாராம். கலியாணம் கட்டி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. மனிதருக்கு இப்படி ஒன்று நடந்ததே இல்லை. எங்கே தேடுவது என்றுகூடத் தெரியவில்லை அவருக்கு. எனக்குத் தெரிந்தது. நேரே வெள்ளவத்தைக்குப் போனேன்.

மூன்றாம் மாடிக் கதவு பாதி திறந்திருந்தது. அன்ரி அந்தப் பாதியையும் மறித்துக்கொண்டு, நிலையில் கையை ஊன்றி நின்றார். என்னை உள்ளே விடவில்லை. என்னோடு அப்படி விறைப்பாக அவர் நின்றதை அதற்கு முதல் நான் கண்டதில்லை.

"என்ரை தங்கச்சி வரமாட்டா," என்றார். "நீ வந்து கூப்பிட்டால் வரமாட்டா. கூப்பிட வேண்டியவர் வந்து, இந்த வாசலிலை நிண்டு கூப்பிடட்டும். பிறகு நான் யோசிக்கிறன்."

அவருடைய கைக்குக் கீழால் உள்ளே எட்டிப் பார்த்தேன். மாமி காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு, மடியில் ஒரு தட்டு இடியப்பத்தோடு இருந்தார். அழுத கண் வீங்கியிருந்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை.

"மாமாவைக் கூட்டிக்கொண்டு வாறன் மாமி," என்றேன்.

"ஓம், கூட்டிக்கொண்டு வா," என்றார் மாமி. "ஆனா அவசரப்பட்டுக் கெதியா வர வேண்டாமெண்டு சொல்லு."